ஆடி ராத்திரியில் அசகான் சாலை

ஆடி மாதத்துச் சனிக்கிழமை ராத்திரியில் மலாக்கா மாநிலத்தின் உட்பகுதிச் சாலைகளில் போகிறவர்கள் கார்க் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். செம்பனைக் காட்டுக்குள் எந்த இடத்தில் திருவிழா நடக்கிறது என்று யாரும் பலகை எழுதி வைத்திருக்க மாட்டார்கள். முதலில் மோளத்தின் அடி மட்டும் கேட்கும். இன்னும் கொஞ்சம் கிட்டே போனால் அந்த அடிக்கு மேலாக ஓர் உறுமல் எழும், மடக்கப்பட்ட காளை அடித்தொண்டையில் குரல் கொடுப்பதுபோல. அதுதான் உருமி. மலேசியத் தமிழ் இளைஞர்கள் ஒரு தலைமுறைக் காலமாக உயிரைக் கொடுத்து வளர்த்திருக்கும் உருமி மேளத்தை ஒரு தோட்டத்துக் கோவில் வாசலில் நின்று விடியும்வரை கேட்க வேண்டும் என்பதற்காகவே மலாக்காவுக்குப் போனேன்.

பத்துமலைத் தைப்பூசத்தில் அந்த மேளத்தை முன்பே கேட்டிருக்கிறேன். ஆனால் லட்சக்கணக்கான கூட்டத்தில் பத்துப் பதினைந்து குழுக்கள் ஒரே நேரத்தில் அடிக்கும்போது எதுவும் தனியாகக் காதில் நிற்பதில்லை. அடிப்பவர்களின் கை தெரியாது, ஆடுபவர்களின் கால் தெரியாது. முந்நூறு பேர் கூடும் ஒரு சின்னத் திருவிழாவில்தான் அதெல்லாம் தெரியும் என்று என் பெரியம்மா மகன் சொல்லியிருந்தார். அவர் அசகான் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். பெரியம்மாவும் பெரியப்பாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். அண்ணன் இப்போது பத்து பெரெண்டாமில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்.

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வந்து பூலாவ் செபாங்கில் இறங்கினேன். நிலையத்தின் பெயர்ப்பலகையில் தம்பினும் சேர்ந்து இருக்கிறது. நிலையம் மலாக்காவில், தம்பின் நகரம் நெகிரி செம்பிலானில். இங்கிருந்து மலாக்கா நகரத்துக்கு ஒரு கிளைப் பாதை முன்பு இருந்தது. ஜப்பானியர் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பாதையைப் போடுவதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களையும் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் அந்தக் காட்டிலேயே மண்ணானார்கள். தண்டவாளம் திரும்பி வரவே இல்லை. இன்றைக்கும் மலாக்கா நகரத்துக்குச் சாலை வழியாகத்தான் போக வேண்டும்.

அண்ணன் காரோடு காத்திருந்தார். "வா தம்பி, பசியாறிட்டுப் போலாம்" என்று நேராக ஓர் ஒட்டுக்கடைக்கு அழைத்துப் போனார். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டுவிட்டு அலோர் காஜா வழியாக நகரத்துக்குப் போனோம். திருவிழா ராத்திரிதான், பகலை நகரத்தில் கழிக்கலாம் என்பது அவர் ஏற்பாடு.

தங்கவேலைக்காரர் தெருவில், அதாவது ஜாலான் துக்காங் எமாசில், பொய்யாத விநாயகர் கோவில் இருக்கிறது. மலாக்காவை ஆண்ட டச்சுக்காரர்கள் செட்டிகளின் தலைவராக இருந்த தெய்வநாயகம் செட்டிக்குக் கொடுத்த நிலத்தில் 1781இல் எழுந்த கோவில். அதே தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசலும், அதன் தொடர்ச்சியில் செங் ஹூன் தெங் சீனக் கோவிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. சுல்தான்கள் காலத்தில் வாணிகம் செய்ய வந்த தமிழர்களின் வழியில் வந்தவர்கள் மலாக்கா செட்டிகள். வீட்டில் மலாய் பேசுகிறார்கள். தமிழ் அவர்கள் நாவிலிருந்து எப்போதோ போய்விட்டது. சாமி மட்டும் போகவில்லை. காஜா பெராங்கில் உள்ள தங்கள் கம்பத்தில், அதாவது கிராமத்தில், மாரியம்மனுக்கு அவர்கள் எடுக்கும் திருவிழாவுக்கு டத்தோ சாச்சார் என்று பெயர். மாசி மகத்துக்கு நகரத்தார் சமூகம் எடுக்கும் வெள்ளி ரதம் செங்கில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோவிலுக்குப் போகும்போது காவடிகளும் உருமிக் குழுக்களும் சேர்ந்து வரும். நகரத்துத் தமிழர்களின் பெரிய திருநாள் அது. நான் தேடி வந்தது நகரத்தை விட்டு உள்ளே இருந்தது.

மாலையில் ஜாசின் வழியாகக் கிளம்பினோம். நகரம் முடிந்ததும் இரண்டு பக்கமும் செம்பனை. அசகான் நெருங்க நெருங்க லேடாங் மலை வலதும் இடதுமாக மாறி மாறித் தெரிகிறது. 1,276 மீட்டர் உயரம். அந்தியில் நீலம் கறுத்து நின்றது. "முன்னாடி இந்த ரோட்டுல எல்லாம் பால்மரம்தான். விடியக்காலையில போனா மரத்துக்கு மரம் வெளக்கு நகர்ற மாதிரி இருக்கும்" என்றார் அண்ணன்.

உலகத்து ரப்பர் வாணிகத்தில் இந்த மாநிலத்துக்குப் பெரிய இடம் உண்டு. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் ரிட்லி கொடுத்த ஊக்கத்தில், டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் போட்டார். வாணிக நோக்கில் மலாயாவில் போட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அது. அடுத்து புக்கிட் அசகானில் இன்னும் பெரிய அளவில் காட்டை வெட்டினார். அந்தக் காட்டைத் தோட்டமாக வைத்திருக்கத் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டினார்கள். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை கப்பல் கப்பலாக வந்தார்கள். கூடவே முனியாண்டி வந்தார், மதுரைவீரன் வந்தார், காளி வந்தாள். இதே புக்கிட் அசகான் தொழிலாளர்கள் 1967இல் வேலை நிறுத்தம் செய்து கோலாலம்பூரை நோக்கி நடைப்பயணம் புறப்பட்டதும் நாட்டின் தொழிற்சங்க வரலாற்றில் இருக்கிறது. நடக்கவும் தெரிந்த, எதிர்த்து நிற்கவும் தெரிந்த ஜனங்கள்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது லயங்கள் காலியாயின. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். வேண்டிய ஆளும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வருகிறார்கள். எங்கள் கார் செம்மண் பாதையில் திரும்பியபோது வெளிச்சத்தில் முதலில் தெரிந்தவை வரிசையாக நிறுத்தியிருந்த கார்களின் எண்பலகைகள்தான். எம் என்று தொடங்குபவை கொஞ்சம்தான். ஜொகூரின் ஜே, சிலாங்கூரின் பி, கோலாலம்பூரின் டபிள்யூ, இடையிடையே சிங்கப்பூர்க் கார்கள். தோட்டம் கலைந்து எங்கெங்கே போனது என்பதை அந்த வரிசையிலேயே படித்துவிடலாம். வருஷத்தில் ஒரு ராத்திரி அது திரும்பி வருகிறது.

கோவிலின் பெயரை நான் எழுதவில்லை. நிலம் தோட்ட நிறுவனத்துடையது. கோவில் இருக்கும் இடத்தைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது, இப்போது பெயர் வெளியே வர வேண்டாம் என்று கோவில் தலைவர் கேட்டுக்கொண்டார். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, வெளியே வெட்டவெளியில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் முனியாண்டி. மீசையும் அருவாளும் புதிதாக வண்ணம் பூசியிருந்தன. காலடியில் சுருட்டுக் கட்டும் கறுப்பு பீர் போத்தல்களும் எலுமிச்சம்பழக் குவியலும். பின்பக்கம் பெரிய அடுப்பில் மீகூன் வறுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்து, "ஊர்ல இருந்தா வந்திருக்கீங்க தம்பி? எங்க தாத்தா முசிறி. நான் பாத்ததில்ல" என்றார். அவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். கைவிரல்களில் பால்வெட்டுக் கத்தியின் பழைய தழும்புகள்.

மேளக்குழு எட்டரை மணிக்கு வேனில் வந்து இறங்கியது. பதினான்கு பேர். எல்லாருக்கும் ஒரே மாதிரி கறுப்புச் சட்டை, முதுகில் காளியின் முகம். மூத்தவருக்கு முப்பத்தைந்து இருக்கலாம், கடைசிப் பையனுக்குப் பன்னிரண்டு. ஜால்ரா அடிக்க ஒரு பெண்பிள்ளையும் இருந்தாள். வேனிலிருந்து இறங்கிய உடனே செய்த வேலை, காய்ந்த தென்னை மட்டையைக் கொளுத்தித் தோல் காய்ச்சுவது. மோளங்களையும் தப்புகளையும் நெருப்பின் பக்கம் சாய்த்து, திருப்பி, புறங்கையால் தட்டிப் பார்த்து, மறுபடி சாய்த்து, அரை மணி நேரம். யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஒரு தோல் சூடேறியதும் அதன் சத்தம் மாறுவதை எல்லார் காதும் ஒரே நேரத்தில் கண்டுகொள்கிறது, தலைகள் நிமிர்கின்றன.

உருமிக்காரத் தம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பத்தொன்பது வயது. பகலில் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் மோட்டார் சைக்கிள் வேலை. இடை சிறுத்து இரண்டு பக்கமும் அகன்ற மரக்கூடு, இரண்டு வாயிலும் தோல். ஒரு பக்கம் நேரான மெல்லிய குச்சியால் அடிப்பதற்கு. மறுபக்கத் தோல் எண்ணெய் ஏறி ஏறிக் கறுத்து, விளக்கில் பளபளத்தது. வளைந்த குச்சியை அந்தத் தோலில் அழுத்தித் தேய்க்கும்போதுதான் உறுமல் வருகிறது. அழுத்தம் கொஞ்சம் குறைந்தால் வெறும் கீச்சு; கூடினால் சத்தம் செத்துப்போகும். நான் வாங்கித் தேய்த்துப் பார்த்தேன், கீச்சுதான் வந்தது. "கையில பலம் வேணாம்ணே, தோள்ல இருந்து வரணும். நான் ஒரு வருசம் வெறும் தேய்ச்சல் மட்டும்தான் பழகுனேன். அடிக்கக் குச்சியையே எங்கண்ணன் குடுக்கல" என்றான். இரண்டு விரல்களில் பிளாஸ்திரி சுற்றியிருந்தான். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு.

விநாயகருக்கு அடித்துத்தான் தொடங்கினார்கள். நிதானமான அடி, கூட்டம் இன்னும் கதை பேசிக்கொண்டிருந்தது. பாட்டுக்காரர் கையடக்க ஒலிபெருக்கியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு பாடினார். அடுத்து மாரியம்மன். ஆற்றங்கரையிலிருந்து கரகம் புறப்பட்டபோது அடி மாறியது. காளிக்கு இன்னொரு மாற்றம். ஒவ்வொரு சாமிக்கும் ஓர் அடி உண்டு, அந்த அடிக்குத்தான் அந்தச் சாமி இறங்கும் என்பது இவர்களின் கணக்கு. முனிக்கு அடிக்க வேண்டிய இடத்தில் மதுரைவீரன் அடி விழுந்தால் சாமியாடி நின்றுவிடுவார், குழுவின் பெயரும் போய்விடும். ஆகையால் பாட்டைவிட அடியைத்தான் முதலில் பாடம் பண்ணுகிறார்கள்.

பதினொரு மணிக்கு மேல் முனியாண்டிக்கு எடுத்தார்கள். மோளங்கள் அரைவட்டமாக நெருங்கின, நடுவில் இரண்டு உருமிகள். பாட்டு நின்றுவிட்டது, அடி மட்டும். கைப்பேசியில் அளந்து பார்த்தேன்: நிமிடத்துக்கு 160ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. இளைஞர்கள் தோளோடு தோள் உரசி, குனிந்து, ஒரே நேரத்தில் காலைத் தரையில் ஊன்றி ஆடினார்கள். புழுதி முழங்கால்வரை எழுந்தது. பெண்பிள்ளைகள் ஒரு பக்கமாகத் தனி வட்டம் போட்டிருந்தார்கள். என் நெஞ்சுக்கூட்டில் அடி விழுவதை உணர்ந்தேன்; பக்கத்தில் நின்றவர் சொன்னதை உதட்டசைவில்தான் புரிந்துகொண்டேன்.

அப்போது எனக்கு ராட்டர்டாம் நினைவுக்கு வந்தது. விநாயகர் கோவிலுக்கு நிலம் கொடுத்த அதே டச்சுக்காரர்களின் துறைமுக நகரம். 1990களின் தொடக்கத்தில் அங்கே கப்பல்துறைக் குடும்பங்களின் பிள்ளைகள் காபர் என்ற ஆட்ட இசையை உண்டாக்கினார்கள். ஐரோப்பிய ஹார்ட்கோர் இசையின் தாய்வீடுகளில் ஒன்று அது. ரோலண்ட் டிஆர்-909 என்ற ஜப்பானியத் தாள இயந்திரத்தின் மோள ஒலியைக் கரகரப்பாகும்வரை முறுக்கி, நிமிடத்துக்கு 160, 180 அடி என்று ஓட்டினார்கள். மொட்டைத்தலை, ஒரே மாதிரி விளையாட்டு மேலுடை, ஒரே மாதிரிக் கால்வீச்சு. பெரிய நகரத்து நாகரிகக்காரர்கள் அதைச் சத்தம் என்றார்கள், ஆடுகிறவர்களை ரவுடிகள் என்றார்கள். அங்கே சாமி இல்லை; இங்கே சாமி இல்லாமல் ஓர் அடியும் இல்லை. இந்த வேறுபாடு பெரியது. ஆனால் உடம்பின் உழைப்பை விற்றுப் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் அதே உடம்பைத் தங்களுக்காக, தங்கள் கூட்டத்தோடு, களைத்து விழும்வரை பயன்படுத்த ஒரு ராத்திரி வேண்டும் என்று கேட்டது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஏச்சும் ஒன்றுதான்.

அரசாங்கங்கள் இந்த இசைக்குப் பயப்படுவதும் ஒரே மாதிரிதான். பிரிட்டனில் திறந்தவெளி ராத்திரி ஆட்டங்களைக் கலைக்க 1994இல் சட்டம் கொண்டுவந்தபோது, எந்த இசை என்று அடையாளம் சொல்ல, அடுத்தடுத்துத் திரும்ப வரும் தாள அடி என்பதையே சட்டத்தில் எழுதினார்கள். சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973 முதல் தடை இருந்தது. 2015 தைப்பூசத்தில் மேளம் அடித்ததை ஒட்டி எழுந்த தகராறில் மூன்று பேரைக் கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கொடுத்தார்கள். மலேசியாவில் அப்படிப்பட்ட பொதுத் தடை இல்லை. ஆனால் தைப்பூசம் வந்தால் மலேசிய இந்து சங்கமும் கோவில் நிர்வாகங்களும் உருமிக் குழுக்களுக்கு அறிவுரை சொல்லாத வருஷம் இல்லை: சினிமாப் பாட்டு அடிக்கக் கூடாது, பக்திப் பாட்டு மட்டும்.

அந்த அறிவுரையில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ராத்திரி ஒரு மணி வாக்கில் பக்கத்து ஊர்ப் பையன்கள் சிலர் குடித்துவிட்டு வந்து சினிமாப் பாட்டு ஒன்றைக் கேட்டு நச்சரித்தார்கள். குழுவின் மூத்தவர் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சாமி நிக்குது தம்பி. நாளைக்கு வாங்க, உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு அடிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். அவர்கள் போய்விட்டார்கள். ஒழுங்கைக் காப்பாற்றுவது யார் என்பதை அந்த இடத்தில் பார்த்தேன். வெளியிலிருந்து அறிக்கை விடுகிறவர்கள் இந்த மூத்தவர் போன்றவர்களை ஒரு முறையாவது கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும். என் குறை வேறு. ஒலிபெருக்கி. இருபதடி தூரத்தில் நிற்கும் முந்நூறு பேர் கேட்க இந்த மேளத்துக்குப் பெருக்கி தேவையே இல்லை. அது உருமியின் கீழ்க்குரலைத் தின்றுவிடுகிறது.

ஒன்றரை மணிக்கு, சாயங்காலம் மீகூன் வறுத்துக்கொண்டிருந்த அதே பெரியம்மாவுக்கு அருள் வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் மடித்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். முதலில் கட்டைவிரல் மட்டும் தரையைத் தட்டியது. உருமிக்காரத் தம்பி அதைப் பார்த்துவிட்டான். நான் பார்க்கவில்லை, அவன் உடம்பைத் திருப்பியதும்தான் பார்த்தேன். வாசித்துக்கொண்டே நாலு எட்டு நடந்து அவர் எதிரே வந்து நின்றான். குனிந்து, உருமியின் தேய்க்கும் வாயை அவர் பக்கம் காட்டி, அடியைக் குறைத்து, தேய்ச்சலை நீட்டினான். மற்ற மோளங்கள் அவன் பின்னால் தணிந்தன. பெரியம்மாவின் தோள் குலுங்கியது. எழுந்தார். முட்டிவலியோடு அடுப்பிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை தாங்கித் தாங்கி நடந்தவர், கூந்தல் அவிழ, வட்டத்தின் நடுவுக்கு வந்து ஆடினார். அவர் முன்னேற முன்னேற உருமிக்காரன் பின்பக்கமாகவே நடந்தான். கண்ணை அவர் பாதத்திலிருந்து எடுக்கவில்லை. பாதம் வேகமெடுத்தால் குச்சி வேகமெடுத்தது. பாதம் தடுமாறினால் அடி நின்று தாங்கியது. யார் யாரை நடத்துகிறார்கள் என்று சொல்ல முடியவில்லை. பேரப்பிள்ளைகள் இருவர் அவர் விழுந்தால் பிடிக்கக் கையை விரித்தபடி கூடவே நகர்ந்தார்கள்.

வேலனை அழைத்து வெறியாடவைத்த களத்தைச் சங்கப் பாடல்களில் படித்திருக்கிறோம். ஒவ்வொரு திணைக்கும் அதற்குரிய பறை உண்டு என்று தொல்காப்பியம் கருப்பொருளில் வைத்திருக்கிறது. ரப்பர்க் காட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் திணை வகுத்தவர் இல்லை. அந்த நிலத்துக்குரிய பறையைக் கூலியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளே தேடிக்கொண்டார்கள்.

பெரியம்மா யாரோ ஒருவரின் தலையில் கைவைத்துத் திருநீறு பூசினார். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் அழுதுகொண்டே ஏதோ கேட்டாள், பதில் சொன்னார். பிறகு அடி ஒவ்வொரு படியாக இறங்கியது. இந்த இறக்கத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எனக்கு அந்த ராத்திரியில் மிகப் பெரிதாகப் பட்டது இதுதான். வேகமாக அடிப்பது இளமைக்குச் சாத்தியம். ஒரு வயதான உடம்பை அவ்வளவு உயரத்திலிருந்து அடிபடாமல் கீழே கொண்டுவந்து சேர்க்கப் பொறுப்பு வேண்டும். மோளம் நின்றது, தப்பு நின்றது, கடைசியில் உருமியின் தேய்ச்சல் மட்டும் மெல்ல இழுத்து ஓய்ந்தது. "சாமி மலையேறிடுச்சு" என்றார்கள். பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்து சிரப் தண்ணி கேட்டார். உருமிக்காரன் சட்டையைப் பிழிந்தான். தரையில் ஈரம் சொட்டியது.

தமிழ்நாட்டில் முன்பு இந்த மேளம் ஒரு சாதியின் கைக்குள் இருந்தது, சாவுக்கும் கொடைக்கும் கூப்பிட்டு வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்தார்கள். அந்தப் பழக்கமும் கப்பலில் சேர்ந்துதான் வந்தது. தமிழ்நாட்டில் இன்று பறை கற்றுக்கொடுக்கப் பயிற்சிப் பட்டறைகள் நடக்கின்றன. மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த மரியாதை மலேசிய உருமிக்கு இன்னும் வந்து சேரவில்லை. இந்தக் குழுவில் இருந்த பதினான்கு பேரில் யார் எந்தச் சாதி என்று அண்ணனைக் கேட்டேன். "அதெல்லாம் இவனுங்களுக்கே தெரியாது. கேட்டா அடிப்பானுங்க" என்றார். மரியாதை வராவிட்டாலும் இந்த ஒன்று வந்திருக்கிறது.

ஒரு விஷயம் மனத்தை உறுத்துகிறது. பன்னிரண்டு வயதுப் பையன் இரண்டு மோளங்களுக்கு நடுவில் ஆறு மணி நேரம் நின்றான், காதில் ஒன்றும் இல்லை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காதுக்கு, 100 டெசிபலில் 15 நிமிடத்துக்கு மேல் ஆபத்து என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரையறை. நெதர்லாந்து ஆட்டக்கூடங்களில் காதடைப்பான் வாசலிலேயே கிடைக்கும். இங்கே கேட்டால் சிரிக்கிறார்கள். "மேளத்தக் காதடச்சுக்கிட்டா அடிக்கிறது?" என்றான் உருமிக்காரத் தம்பி. இருபது வருஷம் கழித்து அவன் மகனுக்குத் தேய்ச்சல் சொல்லிக்கொடுக்கும்போது அந்தக் கீழ்க்குரல் அவனுக்குக் கேட்க வேண்டும். நல்ல காதடைப்பான் சத்தத்தைக் கொல்லாது, தணிக்கத்தான் செய்யும். குழுவுக்கு ஒரே மாதிரிச் சட்டை எடுத்துக் கொடுக்கும் புரவலர்கள் அடுத்த வருஷம் சட்டையோடு அதையும் வாங்கித் தரலாம்.

மூன்றரை மணிக்குப் பந்தி போட்டார்கள். வாழை இலையில் சோறு, முனிக்கு வெட்டிய ஆட்டுக்கறிக் குழம்பு. உள்ளூர்ப் பெரியவர்கள், வெளியூர் விருந்தாளிகள், சமையல்காரர்கள் என்று ஒவ்வொரு பந்தியாக எழுந்தது. விருந்தாளி என்று என்னை முதல் வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். மேளக்குழு வேனுக்குப் பக்கத்தில் மோளங்களைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் முறை வந்தபோது குழம்பில் கறி இல்லை, சாறுதான் இருந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை; எல்லா ஊரிலும் இப்படித்தான் என்றார் மூத்தவர், கோபம் இல்லாமல். வேன் வாடகையும் தோல் மாற்றும் செலவும் போக மீதியைப் பதினான்காகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாள் கூலிகூடத் தேறாது என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவர்களுக்கு மெர்லிமாவ் பக்கத்தில் இன்னொரு கோவில். திங்கட்கிழமை காலையில் உருமிக்காரன் பொட்டலம் எடுக்கப் போக வேண்டும்.

மலேசியாவுக்குச் சுற்றுலா போகும் தமிழர்கள் ஆடி மாதத்தில் போனால் மலாக்காவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். ஜாசின், மெர்லிமாவ், அசகான் பக்கத்து ஒட்டுக்கடைகளில் கேட்டால் இந்த வாரம் எங்கே திருவிழா என்று சொல்வார்கள். அழைப்பு வேண்டாம், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால் போதும். கோவில் நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: மேளம் அடித்த பிள்ளைகளை முதல் பந்தியில் உட்காரவையுங்கள்.